சிங்கப்பூர் லீக்: கோப்பை யாருக்குப் போனாலும் ஏன் யாருக்கும் கவலை இல்லை?

#1 தெம்பனிஸ்வாசி

கூகலைத் தொடாமல் சொல்லுங்கள்: 2015 முதல் 2020 வரை நம் லீக்கில் கோப்பையை வென்றவர்கள் யார் யார்?

2015இல் புருணை டிபிஎம்எம். 2016, 2017, 2018 மூன்று வருடமும் ஜப்பான்காரர்களின் அல்பிரெக்ஸ் நிகாட்டா. 2019இல் மறுபடி புருணை. 2020இல் மறுபடி அல்பிரெக்ஸ். தொடர்ந்து ஆறு பருவம் உள்ளூர்க் கிளப் ஒன்றுகூட சொந்த லீக்கை வெல்லவில்லை. 2021இல் லயன் சிட்டி செய்லர்ஸ் வென்றது. அப்புறம் 2022, 2023 திரும்பவும் அல்பிரெக்ஸ்.

வேறு ஊராக இருந்தால் இதை வைத்து வாரக்கணக்கில் சண்டை நடந்திருக்கும். இங்கே பலருக்கு விஷயமே தெரியாது. என் அலுவலகத்தில் லிவர்பூல் ரசிகர்களுக்குத் தனி வாட்ஸ்அப் குழு, ஆர்சனலுக்குத் தனிக் குழு. நள்ளிரவு ஆட்டத்துக்குக் கண்விழித்து உட்கார்ந்துவிட்டு மறுநாள் கொட்டாவியோடு வருவார்கள். அதே ஆட்களிடம் நீங்கள் இருக்கும் பேட்டையின் கிளப் எது என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஆகவே காற்பந்து பிடிக்காத ஊர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"ஆட்டம் தரமில்லை, அதான் போகவில்லை" என்ற வழக்கமான பதிலை மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். ஆர்சனல், லிவர்பூல் சட்டை போட்ட ஜெர்மேன் பென்னன்ட் 2016இல் தெம்பனிஸுக்கு ஆட வந்தார். கொஞ்ச நாள் பரபரப்பாக இருந்தது. அவர் போனார், பரபரப்பும் போனது.

மக்கள் எப்போது கைவிட்டார்கள், ஏன்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 பழைய_கேலரி

இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது தம்பி? அந்தக் காலத்தில் மலேசிய மாநிலக் குழுக்களோடு நம் சிங்கப்பூர்க் குழுவும் மலேசியக் கிண்ணத்தில் ஆடியது. மலேசியக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்த அன்றே எல்லாம் முடிந்தது.

1994ஐப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. காலாங்கில் பழைய தேசிய அரங்கம். நாற்காலி கீற்காலி எல்லாம் கிடையாது, கேலரியில் மரப்பலகைதான். மழை பெய்திருந்தால் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்காருவோம். நம் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபாண்டி பந்தைத் தொட்டதும் மொத்தக் கூட்டமும் பலகையைக் காலால் மிதிக்கும். அந்த அதிர்வு முதுகெலும்பு வரைக்கும் ஏறும். "காலாங் முழக்கம்" என்று சும்மா பெயர் வைக்கவில்லை. 50,000 பேருக்கு மேல் பிடிக்கும் அரங்கம் அது. முக்கியமான ஆட்டம் என்றால் டிக்கெட்டுக்கு முதல் நாளே வரிசை.

அந்த வருடம் லீக்கும் நமக்கு, கிண்ணமும் நமக்கு. ஷா ஆலமில் இறுதியாட்டம், பஹாங்கை 4-0. அப்பாஸ் சாட் மூன்று, ஃபாண்டி ஒன்று. பேருந்து பேருந்தாக நம் ஆட்கள் எல்லை தாண்டிப் போனார்கள்.

நம் இந்தியர்களும் அந்தக் கதையில் எவ்வளவு பேர்! 70களில் ராஜகோபால் மூலையிலிருந்து அடித்தால் பந்து வளைந்து வலைக்குள்ளேயே போகும். 1977இல் மெர்டேக்கா அரங்கத்தில் பினாங்கை 3-2 என்று வென்ற குழுவுக்குத் தலைவர் சமத் அல்லாப்பிச்சை. அப்புறம் சுந்தரமூர்த்தி. 1993இல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அடித்தாரே ஒரு கோல், அதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எங்கள் புளோக்குக் கீழே காப்பி ஆறிப்போகும்.

1994 முடிந்ததும் டிக்கெட் வசூலைப் பங்கு போடுவதில் மலேசியச் சங்கத்தோடு தகராறு. நாம் விலகிவிட்டோம். 1996இல் எஸ்.லீக் என்று ஒன்றைக் கொண்டுவந்து இனி இதைப் பாருங்கள் என்றார்கள். யார் பார்ப்பது?

#3 வலது_விங்

> மலேசியக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்த அன்றே எல்லாம் முடிந்தது

அங்கிள், உங்கள் நினைவுகளை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது லீக் கதையே இல்லை. அது தேசியக் குழு வாராவாரம் விளையாடிய கதை. எதிரே சிலாங்கூர், பஹாங், கெடா. நாம் சிங்கப்பூர். யாரை ஆதரிப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

என் கட்சி இதுதான்: இந்த லீக்கை விட்டு யாரும் போகவில்லை, ஏனென்றால் லீக்குக்கென்று பெரிய ரசிகர் கூட்டம் எப்போதும் இருந்ததில்லை. காலாங்கில் கத்திய 50,000 பேர் சிங்கப்பூருக்காகக் கத்தியவர்கள். அவர்களை எட்டாகப் பிரித்து உட்லண்ட்ஸ் வெலிங்டன், செம்பவாங் ரேஞ்சர்ஸ், தியோங் பாரு யுனைடெட் என்று பங்கு வைத்தால் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். செம்பவாங்கில் இருப்பவருக்கு உட்லண்ட்ஸ்காரர் மேல் என்ன பகை? இரண்டும் எம்ஆர்டி ரயிலில் பக்கத்துப் பக்கத்து ஊர். பாதிப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு கிடைத்த இடத்தில் குடியேறியவர்கள். ஐந்து வருடம் கழித்து விற்றுவிட்டு பொங்கோலுக்கோ செங்காங்குக்கோ போய்விடுவார்கள்.

#4 பழைய_கேலரி

> லீக்குக்கென்று பெரிய ரசிகர் கூட்டம் எப்போதும் இருந்ததில்லை

இருந்தது. நீ அப்போது பிறந்தாயோ என்னவோ. முதல் சில வருடங்கள் நன்றாகவே போனது. கேலாங் யுனைடெட் முதல் சாம்பியன். பிடோக் அரங்கத்தில் இரண்டு ஈரானியர்கள் ஆடினார்கள், முகமது கக்பூர், ஹமீத் எஸ்திலி. 1998 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகத் தலையால் முட்டி முதல் கோல் அடித்தாரே, அதே எஸ்திலிதான். அவரைச் சில வெள்ளிக்கு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த ஊர் இது. அதே 1998இல் ஹனோய் போய் வியட்நாமைத் தோற்கடித்து தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கோப்பையை எடுத்து வந்தோம். சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே போன பந்து. அந்த ஆட்டக்காரர்கள் எஸ்.லீக்கில் ஆடியவர்கள்தானே? ஆக, முதலில் சரக்கு இருந்தது. பிற்பாடு கெடுத்தார்கள்.

#5 ஓடாத_குதிரை

நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் பூல்ஸ் கடையில் பந்தயச் சீட்டு வாங்கிய நாளில் மட்டும்தான் நான் எஸ்.லீக் பார்ப்பேன். என்னைப் போல ஆயிரம் பேர் உண்டு. அரங்கத்தில் ஒரு மூலையில் நின்றுகொண்டு கோல் விழுந்தால் கைதட்டாமல் கைப்பேசியைப் பார்க்கிறாரே ஒருவர், அவர் எங்கள் சாதி.

எங்கள் சாதிக்காரன் சொல்கிறேன், மக்கள் விலகியதற்குச் சந்தேகமும் ஒரு காரணம். பெரியவர் 1994இல் நிறுத்திவிட்டார். 1995ஐயும் சொல்ல வேண்டும் இல்லையா? அந்த இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்த அதே அப்பாஸ் சாட் மேட்ச் பிக்சிங் வழக்கில் குற்றவாளியாகி 50,000 வெள்ளி அபராதம் கட்டினார். மிக்கல் வானா என்ற செக் ஆட்டக்காரர் பிணையில் இருந்தபோது நாட்டை விட்டே ஓடிவிட்டார். தெய்வமாகக் கும்பிட்டவர்கள். அதற்கு அடுத்த வருடம்தான் புது லீக்கைத் திறந்தார்கள்.

அப்புறம் 2007இல் சீனாவிலிருந்து லியாவோனிங் குவாங்யுவான் என்று ஒரு குழுவைக் கூட்டி வந்தார்கள். அதன் ஆட்டக்காரர்கள் பலர் அதே மாதிரி வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு தற்காப்பு ஆட்டக்காரர் கால் தவறி வழுக்கி விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவர் "காசு" என்பார். உண்மையிலேயே வழுக்கியிருப்பார் பாவம்.

#6 தெம்பனிஸ்வாசி

வலது_விங் சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன், கால்வாசி இல்லை. பகை இல்லாத ஊரிலும் ரசிகர்கள் உருவாகலாம். ஒரு தலைமுறை பொறுத்திருந்தால் போதும். ஆனால் எதையாவது ஒரு தலைமுறை அப்படியே விட்டுவைத்தார்களா?

1996இல் தொடங்கிய எட்டுக் கிளப்புகளை வரிசையாகப் பாருங்கள். போலீஸ் கிளப் மறு வருடமே ஹோம் யுனைடெட் ஆனது, 2020இல் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. தியோங் பாரு யுனைடெட் தஞ்சோங் பகார் யுனைடெட் ஆனது, 2004இல் போனது, 2011இல் வந்தது, 2015இல் மறுபடி போனது, 2020இல் மறுபடி வந்தது. ராணுவத்தின் கிளப் வாரியர்ஸ் என்று பெயர் மாறியது. அதிகத் தடவை கோப்பை வென்ற கிளப் அதுதான், ஒன்பது முறை. 2020இல் பண நெருக்கடியால் உட்கார்ந்தது இன்னும் எழுந்திருக்கவில்லை. பாலஸ்டியர் சென்ட்ரல் கிளமெண்டி கால்சாவோடு சேர்ந்து பாலஸ்டியர் கால்சா ஆனது. உட்லண்ட்ஸை ஹவ்காங்கோடு கலந்தார்கள், உட்லண்ட்ஸ் என்ற பெயரே காணாமல் போனது. அந்த ஹவ்காங்கே முன்பு செங்காங் பொங்கோலாக இருந்தது, அதற்கும் முன்பு வேறொன்று. செம்பவாங் ரேஞ்சர்ஸ் எப்போதோ போய்ச் சேர்ந்தது. கேலாங் யுனைடெட் கேலாங் இன்டர்நேஷனல் ஆகி, இப்போது ஆடுவது கேலாங்கிலும் இல்லை பிடோக்கிலும் இல்லை, தெம்பனிஸில்.

பெயரோடு மிஞ்சியது தெம்பனிஸ் ரோவர்ஸ் ஒன்றுதான். அதற்கும் முன்னால் விளம்பரதாரரின் "பிஜி" ஒட்டியாகிவிட்டது.

அந்த ஒன்றுக்கு என்ன நடந்தது தெரியுமா? பழைய தெம்பனிஸ் அரங்கத்தை இடித்து ஹப் என்ற பெரிய சமூக வளாகத்தைக் கட்டத் தொடங்கியதும் கிளப்பைக் கிளமெண்டிக்கு அனுப்பினார்கள், பிறகு ஜூரோங் வெஸ்டுக்கு. தீவின் கிழக்குக் கோடியில் இருப்பவன் தன் "சொந்த அரங்கத்துக்கு" மேற்குக் கோடி வரை ரயிலில் போக வேண்டும். 2017இல்தான் திரும்பி வந்தார்கள். அதற்குள் பத்து வயதுப் பையனுக்குப் பதினைந்து வயது. அவன் மான்செஸ்டர் சிட்டி சட்டை வாங்கிவிட்டான்.

#7 செங்காங்_அம்மா

நான் காற்பந்து ரசிகை இல்லை. மகன் ஆடினான், அதனால் சில விஷயம் தெரியும். நீங்கள் எல்லோரும் பார்க்கிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆடுகிறவர்கள் என்ன ஆகிறார்கள்?

மகன் 14 வயதிலிருந்து ஒரு கிளப்பின் இளையர் குழுவில் இருந்தான் (பெயர் வேண்டாம்). வாரத்தில் பாதி நாள் பயிற்சி. இரவு ஒன்பதரைக்குச் சாக்ஸில் ரப்பர்த் துகள்களோடு வீட்டுக்கு வருவான். செயற்கைப் புல்லில் போடுகிற கறுப்புத் துகள், துவைக்கிற இயந்திரத்தின் வடிகட்டி முழுக்க அதுதான். துணைப்பாட ஆசிரியர் காத்திருப்பார். சாதாரண நிலைத் தேர்வு வருடத்தில் "ஒன்றை விடு" என்றேன். அவன் எதை விட்டான் என்று சொல்லத் தேவையில்லை.

அவனோடு ஆடிய பையன்களில் ஒருவன் தொடர்ந்தான். கிளப் ஒப்பந்தம் நீட்டியது. அந்தச் சம்பளத்தைக் கேட்டு அவன் அப்பா சிரித்துவிட்டார். அதுவும் சில மாதம் தாமதமாக வந்தது. அதற்குள் 18 வயது, தேசிய சேவை. இரண்டு வருடம். மற்ற நாட்டில் ஒரு ஆட்டக்காரன் முதிர்கிற வயது அது. 2018இல் ஃபுல்ஹம் கிளப்பில் ஒப்பந்தம் கிடைத்த பென் டேவிஸ் தேசிய சேவையை ஒத்திவைக்கக் கேட்டபோது தற்காப்பு அமைச்சு மறுத்துவிட்டது. நீச்சல் வீரர் ஸ்கூலிங்கிற்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்கள் என்று அப்போது எல்லோரும் விவாதித்தார்கள். நான் தேசிய சேவைக்கு எதிரானவள் அல்ல. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை உள்ள பெற்றோர் யாரும் இந்த லீக்கை ஒரு தொழிலாக நினைப்பதில்லை. பெற்றோர் மதிக்காத வேலையைப் பிள்ளைகள் எப்படிக் கைதட்டிப் பார்ப்பார்கள்?

#8 ஜேபி_மணி

பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து வணக்கம். சிங்கப்பூர்க்காரர்கள் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் வருகிறீர்கள், ஒருநாள் ஆட்டத்துக்கும் வாருங்கள். சுல்தான் இப்ராகிம் அரங்கம் 2020இல் திறந்தது, 40,000 பேர் உட்காரலாம். இங்கே எங்கள் ஜொகூர்க் கிளப் ஜேடிடியின் சட்டை போடாத நாசி லெமாக் கடைக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் பொறாமைப்படாதீர்கள். 2014இலிருந்து லீக் கோப்பை ஒரே வீட்டில்தான். பட்டத்து இளவரசரின் பணமும் பிடிவாதமும் ஜொகூரைத் தூக்கின, சரி. மற்ற மாநிலங்கள்? பேராக், கெடா என்று பெரிய பெயர்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி, கடன், 2025-26 பருவத்தில் இரண்டுமே சூப்பர் லீக்கில் இல்லை. கெடாவில் எங்கள் மாமா 60 வயதில் சோகமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு மாநிலப் பற்று இருந்தும் நிலைமை இப்படி. ஆகவே பகை இருந்தால் லீக் பிழைக்கும் என்கிற வாதத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு.

2025-26 பருவத்திலிருந்து உங்கள் பழைய சாம்பியன் டிபிஎம்எம் எங்கள் லீக்கில்தான் ஆடுகிறது. நன்றி, வைத்துக்கொள்கிறோம்.

#9 மேளக்காரன்

எல்லோரும் மூத்தவர்கள், கொஞ்சம் கோபமாக எழுதினால் மன்னிக்க வேண்டும். நீங்கள் யாரும் ஆட்டத்துக்குப் போகிறதாகத் தெரியவில்லை. நான் போகிறேன். மேளம் நான்தான் அடிக்கிறேன்.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தெம்பனிஸ் ஹப்பில் திடல் நடுவில், சுற்றிலும் கடைகள், நீச்சல்குளம், மேலே நூலகம். ஆட்டம் நடக்கும்போது கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். கோல் விழுந்தால் மேளச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கி ஒருமுறை கீழே பார்ப்பார்கள், அப்புறம் குனிந்துவிடுவார்கள். கூட்டம் குறைவு என்பதால் திடலில் பேசுவது அத்தனையும் காதில் விழும். கோல்கீப்பர் தன் தற்காப்பு ஆட்டக்காரரை மலாயில் திட்டுவார், அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார், ஜப்பான்காரர் இரண்டு பேரையும் பார்த்துக் கையை விரிப்பார். பெரிய லீக் எதிலும் இது கிடைக்காது. ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் தேசிய ஆட்டக்காரர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு நம்மோடு மின்தூக்கிக்குக் காத்திருப்பார். பேசலாம், படம் எடுக்கலாம். போன தடவை ஒருவர் "அந்தப் பாட்டை இன்னும் கொஞ்சம் வேகமாக அடி" என்றார்.

அதை விட்டுவிட்டு 1994, 1994, 1994. நான் பிறக்கும் முன்பே முடிந்த ஆட்டத்தை வைத்து இன்றைக்கு ஆடுகிறவர்களை அளக்கிறீர்கள். இளைஞர்களை அரங்கத்துக்கு வர விடாமல் செய்ததில் இந்தப் புலம்பலுக்கும் பங்கு உண்டு. "அதெல்லாம் போச்சு" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தால் பையன் எதற்காகப் போய்ப் பார்ப்பான்?

#10 பழைய_கேலரி

தம்பி, மேளம் அடிப்பதற்கு என் வாழ்த்து. ஆனால் அப்பாக்கள் மேல் பழி போடாதே. 2012இல் லயன்ஸ் XII என்று மறுபடி மலேசிய லீக்கில் ஒரு குழுவை இறக்கினார்களே, அப்போது நாங்கள் வீட்டிலா உட்கார்ந்திருந்தோம்? ஜாலான் புசாரில் 6,000 இருக்கை, டிக்கெட் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். 2013இல் நம் சுந்தரமூர்த்தி பயிற்றுவிப்பாளராக இருந்து மலேசிய சூப்பர் லீக் கோப்பையையே வாங்கினார். 2015இல் ஃபாண்டி பயிற்சியில் எஃப்ஏ கிண்ணம். அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள், மூடியாகிவிட்டது. ரசிகன் விசுவாசமாகத்தான் இருந்தான்.

#11 வலது_விங்

> ரசிகன் விசுவாசமாகத்தான் இருந்தான்

யாருக்கு? மறுபடியும் சிங்கப்பூருக்கு! என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள் அங்கிள்.

லயன்ஸ் XII இன்னொரு வேலையும் செய்தது. தேசியக் குழுவுக்கு ஆடுகிற உள்ளூர் ஆட்டக்காரர்களில் நல்லவர்களைப் பொறுக்கி எடுத்து அங்கே வைத்துவிட்டார்கள். எஸ்.லீக் கிளப்புகளுக்கு மிஞ்சியது மீதி. நான்கு வருடம் ஜாலான் புசார் நிரம்பியது, அதே நான்கு வருடம் மற்ற அரங்கங்கள் காய்ந்தன. குழுவைக் கலைத்தபோது ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தார்கள், ரசிகர்கள் வரவில்லை. தெம்பனிஸ்வாசி போட்ட பட்டியலில் வெளிநாட்டுக் கிளப்புகள் ஜெயிக்கத் தொடங்கிய வருடம் எது என்று பாருங்கள். முழுக் காரணம் இதுதான் என்று சொல்லவில்லை, ஆனால் சம்பந்தம் இல்லாமல் இல்லை.

வெளிநாட்டுக் கிளப்புகளை ஏன் அழைத்தார்கள்? உள்ளூர்க் கிளப் ஒவ்வொன்றாக உதிர, எண்ணிக்கையை நிரப்ப. அல்பிரெக்ஸ் 2004இலிருந்து ஒழுங்காக இருக்கிறது, பாராட்ட வேண்டும். மற்றவை? ஸ்போர்ட்டிங் அஃப்ரிக் ஒரு பருவம். பெய்ஜிங் குவோஆன் டேலன்ட் ஒரு பருவம். பிரெஞ்சுக்காரர்களின் எத்வால் 2010இல் வந்த வருடமே சாம்பியன் ஆனது, 2012க்குள் கிளம்பிவிட்டது. ரசிகன் பெயரை உச்சரிக்கப் பழகும் முன்பே குழு விமானம் ஏறிவிடும்.

#12 ஓடாத_குதிரை

கிளப்புகள் எதில் பிழைத்தன என்று யாரும் சொல்லவில்லையே, நானே சொல்கிறேன். டிக்கெட்டில் இல்லை. மானியம் ஒரு பக்கம், கிளப் மனையின் ஜாக்பாட் இயந்திரங்கள் இன்னொரு பக்கம். வார நாள் மதியம் அந்த அறைக்குள் இருக்கும் கூட்டம் சனிக்கிழமை அரங்கத்தில் இருக்காது. எனக்குத் தெரியும், நான் அறைக்குள் இருந்தவன். 2017இல் காவல்துறை சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் அலுவலகத்திலும் சில கிளப்புகளிலும் சோதனை நடத்திய பிறகுதான், காற்பந்துக் கிளப் என்ற பெயரில் எவ்வளவு பணம் புரள்கிறது என்று ஊருக்கே தெரிந்தது. அப்புறம் அரசாங்கம் அந்த இயந்திரங்களுக்கான விதிகளை இறுக்கியது.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். ரசிகன் காசு தேவைப்படாத கிளப் ரசிகனைத் தேடிப் போகாது. மூலையில் இயந்திரம் சம்பாதித்துக் கொடுக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுக்க யாருக்கு நேரம்?

#13 தெம்பனிஸ்வாசி

#12 இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு. பந்தயக்காரரிடமிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு எதிர் உதாரணமும் பேச வேண்டும். 2025 மே 18, பீஷான் அரங்கம். ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டம். செய்லர்ஸ் அரையிறுதியில் சிட்னியை வெளியேற்றிவிட்டு வந்து ஷார்ஜாவோடு மோதியது. டிக்கெட் கிடைக்கவில்லை. ஒரு சிங்கப்பூர்க் கிளப் ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை என்ற வாக்கியத்தை எழுதியே எத்தனை வருடமாகிறது! ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் சமன் செய்து, அதற்கும் பிறகு நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் கோல் வாங்கி 1-2 என்று தோற்றார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் மறுநாள் மின்தூக்கியில் என்னிடம் அந்தக் கடைசிக் கோலைப் பற்றிக் கொதித்தார். நான் முதல் பதிவில் கேட்டது இந்தக் கொதிப்பைத்தான். வந்திருக்கிறது.

#14 மேளக்காரன்

அடுத்து செய்லர்ஸ் ஆடிய உள்ளூர் லீக் ஆட்டத்துக்கு அந்தப் பெரியவர் வந்தாரா? கேட்டுச் சொல்லுங்கள்.

#15 தெம்பனிஸ்வாசி

கேட்டேன். அன்றைக்கு பேத்தியின் பிறந்தநாளாம்.

#16 வலது_விங்

😂

சரி, சீரியசாக. செய்லர்ஸ் தனியார் பணத்தில் ஓடுகிற கிளப். சொந்தப் பயிற்சி மையம், சாதனை விலைக்கு ஆட்டக்காரர்கள். அதன் உரிமையாளர் ஃபாரஸ்ட் லீ 2025இல் சங்கத்துக்கே தலைவராகிவிட்டார். நவம்பரில் தேசியக் குழு ஹாங்காங்கை அங்கேயே போய் 2-1 என்று வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 1984இல் நாம் ஆடியது போட்டியை நடத்திய நாடு என்பதால். ஆடித் தகுதி பெற்றது இதுதான் முதல் முறை. ஊரே கொண்டாடியது. ஆனால் ஜேபி மணி சொன்ன ஆபத்து இங்கேயும் இருக்கிறது. ஒரு கிளப் வானத்தில், மற்றவை கூட்டுக் குடித்தனம். ஒரே அரங்கத்தில் இரண்டு கிளப், இந்தக் கிளப் ஆடும் நாளில் அந்தக் கிளப்பின் பதாகையை மறைத்துவைக்கிறார்கள்.

#17 நெறியாளர்

தேசிய சேவை பற்றிய தனி வாக்குவாதத்தை வேறு இழைக்கு நகர்த்திவிட்டேன். செங்காங்_அம்மாவின் மூலப் பதிவு இங்கேயே இருக்கும். தனிப்பட்ட கிளப் நிர்வாகிகளின் பெயரைப் போட்டுக் குற்றம் சாட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#18 செங்காங்_அம்மா

மேளக்காரன் தம்பிக்கு ஒரு கேள்வி. என் இளையவள் பள்ளியில் காற்பந்து ஆடுகிறாள். பெண்கள் லீக் ஆட்டங்களுக்கும் நீங்கள் மேளம் கொண்டுபோவீர்களா, இல்லை ஆண்களுக்கு மட்டும்தானா?

#19 மேளக்காரன்

போகிறோம் அக்கா, ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன். குழுவில் மொத்தமே ஒரு வேன் கொள்ளும் ஆட்கள்தான், அதில் பாதிப் பேர் இப்போது தேசிய சேவையில். அவளை அழைத்து வாருங்கள், ஒரு கையில் தாளம் கொடுத்துவிடலாம்.

#20 பழைய_கேலரி

அந்த ஹப் அரங்கத்தில் உட்கார நிழல் இருக்கிறதா? படிக்கட்டு எவ்வளவு ஏற வேண்டும்? முழங்கால் முன்பு மாதிரி இல்லை. மூத்தோர் டிக்கெட் விலையும் தெரிந்தால் போடுங்கள்.